ஆளுக்கொரு சில்லு

ஏப்ரல் 28, 2024, ஞாயிறு

மகள் அபிதா போன நத்தார்ப் பண்டிகைக்கு இந்த வெறும் புத்தகத்தைத் தந்தாள். "மனசில கிடக்கிறதை எழுதுங்கோ அப்பா. கதைக்கத்தான் மாட்டியள், எழுதவாவது செய்யுங்கோ" என்றாள். வாழ்க்கையில் பாதியை ஸ்காபரோவில் பஸ் ஓட்டியே கழித்தவன் மனசில் என்ன கிடக்கும், சிவப்பு விளக்குத்தான் கிடக்கும். நான்கு மாதமாக வெறும் தாளாகவே இருந்தது. இன்று ட்ரெய்லரை மூடியிருந்த தார்ப்பாயைக் கழற்றினேன். எழுத ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

டயர் மாற்ற வேண்டும்.

ட்ரெய்லர் என்பது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற முகாம் வண்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையக்கூடிய கழிப்பறை. 1996இல் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு பின்லாந்துக் கிழவரிடம் வாங்கினோம். பரராசசேகரமாகிய நான், ரத்தினம், யோகன், நாயகம். எல்லோரும் அப்போது ஒரே தொடர்மாடிக் கட்டடத்தில் இருந்தோம். இந்த நாட்டுக்கு வந்து சில வருஷம்தான். எங்களிடம் இருந்த ஒரே நல்ல குளிர்ச்சட்டை வேலை நேர்முகத்துக்கு யார் போகிறாரோ அவர் தோளில் இருக்கும். அந்த நிலைமையில் எங்களுக்கு ஒரு உல்லாச வண்டி.

வண்டிக்கு இரண்டு அச்சு, நான்கு சில்லு. (சக்கரம் என்று எழுதினால் தேர் ஓடுவது போல இருக்கிறது. எங்கள் வாயில் எப்போதும் சில்லுதான்.) நாயகம் முதல் நாளே சட்டம் போட்டான். ஆளுக்கொரு சில்லு. அவரவர் சில்லுக்கு டயர் போடுவதும் காற்றடிப்பதும் அவரவர் பொறுப்பு. நான்கு வீடும் வந்தால்தான் வண்டி நகரும். முன் இடது என்னுடையது, முன் வலது ரத்தினத்துடையது, பின் இடது யோகன், பின் வலது நாயகம். ஒவ்வொரு ஆகஸ்ட் நீண்ட வார இறுதியிலும் வடக்கே ஏரிக்குப் போவோம். கொரோனா வருஷத்தில்கூட ஆளுக்கு ஆள் தள்ளி உட்கார்ந்து கத்திக் கத்திக் கதைத்துவிட்டு வந்தோம்.

போன நவம்பரில் நாயகம் போய்விட்டான். அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

அவன் மனைவி இந்திராணி இந்த ஆகஸ்ட்டில் வருவாரோ தெரியாது. வராவிட்டால் சட்டப்படி வண்டி நகராது. எல்லாம் அத்தோடு சரி. எனக்கு அப்படி முடிய விருப்பமில்லை. முதலில் டயரைச் சரிக்கட்டி வைப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

மே 4, சனி

காலையில் பாயை விரித்து வண்டிக்குக் கீழே படுத்துவிட்டேன். சறோ ஜன்னலால் எட்டிப் பார்த்து, "எழும்பேலுமோ, ஆளைக் கூப்பிடவோ?" என்று கேட்டாள். மனைவி என்றால் இப்படித்தான் கேட்பாள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வருஷத்தில் எத்தனையாவது கிழமை, அதாவது வாரம்; மற்ற இரண்டும் எந்த வருஷம். டயரின் பிறந்த நாள் அதுதான். என்னுடையது 2018ஆம் வருஷத்தது. யோகனுடையது 2017. ரத்தினத்தின் டயரில் இலக்கம் உட்பக்கமாகத் திரும்பி இருந்தது. தலையை அச்சில் இடித்துக்கொண்டு வாசித்தால், அது ட்ரெய்லர் டயரே இல்லை. கார் டயர். நாயகத்துடையது 2213. அதாவது 2013, இருபத்திரண்டாம் கிழமை. பதினொரு வயது.

ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்று கெடுவது. வருஷத்தில் சில நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் பாரத்தைச் சுமந்துகொண்டு வெயிலிலும் பனியிலும் நிற்கும். மேலே வரியெல்லாம் புதிதாகத் தெரியும், ரப்பர் கிழடாகியிருக்கும். ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான்.

ஆனால் நான்கிலும் பார்க்க நன்றாக இருப்பது நாயகத்தின் டயர். பளபளவென்று கறுப்பாக நிற்கிறது. பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு போத்தல் திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைத்துக்கொண்டே இருப்பான். போன மார்கழியில் தார்ப்பாய் மூட முன்பு நான் ஒருமுறை துடைத்துவிட்டேன். அது சும்மா, திரவம் மிச்சம் இருந்ததால்.

மே 11, சனி

ரத்தினம் வந்தான். கார் டயர் விஷயத்தைக் கேட்டேன்.

"டயர் எண்டா டயர்தானே மச்சான். வட்டமா இருக்கு, உருளுது."

"காரை நீ ஓட்டிறாய். இதை நான் இழுக்கிறன். கார் டயர் பக்கத்தால மெத்தை மாதிரி. வளைவில வண்டி ஆடும். எஸ்.டி. எண்டு எழுத்து இருக்கவேணும். ட்ரெய்லருக்கெண்டே செய்தது. பக்கம் விறைப்பா நிக்கும்."

"அப்ப போன வருஷம் வண்டி ஆடினது என்னாலதானோ?"

"வேற யாரால?"

"நான் நினைச்சன் நாயகம் உள்ளுக்க நிண்டு கூத்தாடுறான் எண்டு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டான்.

மே 19, ஞாயிறு

டொமினிக்கின் டயர்க் கடைக்குப் போனேன். டொமினிக் நல்லவன், வாயை மூடத் தெரியாது. நான் கேட்டது ஒன்று: முன் இரண்டுக்கும் பின் இடதுக்கும் மூன்று டயர். அவன் சொன்னது ஆயிரம். அதில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நான்கும் ஒரே இனம், ஒரே அளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கிழடென்றால் அது வெடிக்கும். அது வெடித்தால் அதே பக்கத்தில் இருக்கிற மற்றது தன் பாரத்தோடு அதன் பாரத்தையும் தூக்கி, அதுவும் போகும்.

"நாலாவது நல்லா இருக்கு" என்றேன்.

"எத்தினையாம் ஆண்டு?"

சொன்னேன். கடைக்குள் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி விசில் அடித்தான்.

"அண்ணை, அந்தப் பழசை வச்சுக்கொண்டு நான் பூட்டித் தரமாட்டன். நாலு டயர் எண்டாச் சொல்லுங்கோ."

"எங்கட வண்டியில நாலு டயருக்கும் நாலு சொந்தக்காரர். ஒருத்தற்ற டயரை ஒருத்தர் தொடுறேல்லை."

"வண்டிக்கு அது தெரியாதே அண்ணை" என்றான்.

வந்துவிட்டேன். கடை வேறு இல்லையா என்ன.

மே 21, செவ்வாய்

இந்திராணியைக் கேட்காமல் நாயகத்தின் டயரில் கை வைக்க முடியாது. அவருக்கு மனம் நோகும். இப்போது கேட்பதும் சரியில்லை.

ஜூன் 2, ஞாயிறு

மழை. வண்டிக்குள் போய் அலமாரிகளைத் துடைத்தேன். அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது, முதல் வருஷத்துக் கைவேலை. எத்தனை துடைத்தும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

1996 ஆகஸ்ட். முகாமில் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளைக்காரர் ஒரு பாண் ரொட்டியும் இரண்டு சொசேஜும் கொண்டு வருவார்கள். நாங்கள் ஒரு மூட்டை அரிசி, ஆட்டிறைச்சி, அண்டா, தேங்காய் துருவுகிற பலகை, புளி, கருவாடு எல்லாம் கொண்டுபோனோம். நாயகம் கூழ் காய்ச்சுகிறேன் என்று செத்தல் மிளகாயை வண்டிக்குள் வைத்து வறுத்தான். பக்கத்து மூன்று முகாம்காரரும் இருமிக்கொண்டே வந்தார்கள். வனக்காவலர் வந்து, என்ன எரிகிறது என்று கேட்டார். நாயகம் அவருக்கு ஒரு கோப்பை கூழ் கொடுத்தான். அந்த மனிதர் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார். ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு வருஷமும் எங்களைத் தேடி வருவார்.

அடுத்த நாள் விடிய ஒரு கரடி வந்து கருவாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனது. பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள். ஆண்கள் நான்கு பேரும் ரத்தினத்தின் காருக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். "நாட்டில ஆமிக்குப் பயந்தம், இஞ்ச கரடிக்கு. ஆனா கரடி கேள்வி கேக்காது மச்சான்" என்று நாயகம் சொன்னான். நான் அதுவரை இந்த நாட்டில் அப்படிச் சிரித்ததில்லை. முப்பத்தைந்து வயது எங்களுக்கு. ஒருவரிடமும் ஒன்றும் இல்லை, ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த நாட்கள் திரும்பி வந்தால் கரடியையும் சேர்த்து ஏற்றுக்கொள்வேன்.

போன வருஷப் பயணத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். மழை விட்டுவிட்டது. வேலை இருக்கிறது.

ஜூன் 8, சனி

வண்டிக்குப் பயணச் சாமானெல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலையோரம் லொறிகள் நிறுக்கிற மேடைக்கு இழுத்துப் போனேன். வெறும் வண்டியை நிறுத்து டயர் வாங்குகிறவன் முட்டாள். எங்கள் அண்டா, கதிரைகள், தண்ணீர்த் தொட்டி, அரிசி எல்லாம் ஏறினால்தான் உண்மையான பாரம் தெரியும். ரத்தினம் தானும் வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டு, "என்னையும் சேர்த்து நிறு. பிறகு டயர் வெடிச்சா என்ர வயித்தைச் சொல்லுவாய்" என்றான்.

பழைய தர டயர் மட்டுமட்டாகத் தாங்கும். மட்டுமட்டு எனக்குச் சரிவராது. அதே அளவில் ஒரு படி கூடத் தாங்குகிற 'டி' தரம் எடுக்க வேண்டும். காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும், அதனால் வால்வும் ரப்பரில் இல்லாமல் உலோகத்தில். முடிவாகிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

இப்போது மொன்றியலில் இருக்கிற யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "நீ பாத்துச் செய் பரா. எனக்கு என்ன தெரியும்?" என்றான். முப்பது வருஷமாக அதே பதில்.

சறோ கேட்டாள்: "இந்திராணியிட்டக் கேட்டியளோ?"

"கேக்கிறன்."

"முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகேல்லை நீங்கள்."

"வேலை."

"மார்கழியோட ஓய்வெடுத்த மனுசனுக்கு என்ன வேலை?"

தந்தை தினமாம். அபிதா சட்டை வாங்கித் தந்தாள். கழுத்து இறுக்கம்.

ஜூன் 23, ஞாயிறு

மூன்று டயர் மாற்றியாகிவிட்டது. வண்டியைக் கொண்டுபோகவில்லை. மூன்று சில்லையும் வீட்டிலேயே கழற்றி, காரில் ஏற்றி, வேறு கடைக்குக் கொண்டுபோனேன். நாலாவது எங்கே என்று கேட்டார்கள். போன மாதம்தான் போட்டது, புதிது என்றேன்.

கொண்டு வந்து பூட்டினேன். நாயகத்தின் டயரையும் துடைத்து விட்டேன். நான்கும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. இந்த ஒரு வருஷம் மட்டும் போகட்டும்.

ஜூன் 24, திங்கள்

டயர் வேலை முடிந்ததா என்று சறோ கேட்டாள். முடிந்தது என்றேன்.

ஜூலை 6, சனி

இந்திராணி சறோவுக்குத் தொலைபேசி எடுத்தாராம். வருகிறாராம். மகள் துளசியும் அவளுடைய கைக்குழந்தையும் வருகிறார்களாம். குழந்தைக்கு ஐந்து மாதம், நாயகம் பார்க்காத பேரன்.

நான் இந்தச் செய்திக்குத்தான் ஏப்ரலில் இருந்து காத்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டும். சறோ பாயசம் வைத்தாள்.

துளசியின் காருக்கு முன்னால் ட்ரெய்லர் போகும். எப்போதும் நாயகம் வீட்டுக் கார்தான் எங்களுக்கு அடுத்தது. பின் வலது டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தால் அதில் வந்து மோதுவது யார்? பாயசத்தை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

இந்திராணி வீட்டுத் தெருமுனைவரை போனேன். முன்வாசலில் நாயகத்தின் தோட்டக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 13, சனி

இன்று போனேன்.

கதவைத் திறந்த இந்திராணி, "வாங்கோ பரா அண்ணை. பனி விட்ட நாளிலயிருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

தேத்தண்ணி வந்தது. நான் சுற்றி வளைத்தேன். ட்ரெய்லர் டயர், வயது, பாரம், மூன்று புதிது, ஒன்று பழசு. அந்த ஒன்று யாருடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்கட டயரோ?"

"ஓம்."

"பழசெண்டா மாத்துங்கோவன். இதென்ன கேள்வி."

"அது நாயகம் போட்டது."

"அவர் போட்டதெண்டா? அவர் போட்ட சேட்டுகளெல்லாம் நான் எப்பவோ குடுத்துப்போட்டன் அண்ணை."

டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கடைக்காரன்தான் வியாபாரத்துக்குச் சொல்கிறான், வயது ஒரு கணக்கா என்று என்னென்னவோ கதைத்தேன். அவர் கையுறையை எடுத்துக்கொண்டு, "நடவுங்கோ பாப்பம்" என்றார்.

எங்கள் வீட்டு முற்றத்தில், சறோவிடம் ஒரு வாளி சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வாங்கினார். டயருக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்தார். கறுப்புத் தண்ணீர் ஓடியது. பளபளப்பெல்லாம் போனது. பக்கச்சுவர் முழுவதும் வெடிப்பு, காய்ந்த வயல் போல. நகம் போகிற அளவுக்கு ஆழம். அந்தத் திரவத்தைப் பூசிப் பூசி நாயகமும் நானும் அதை மூடி வைத்திருந்தோம். அந்தத் திரவமே ரப்பரை இன்னும் காயவைக்கும் என்று டொமினிக் ஏதோ சொன்ன ஞாபகம். அப்போது நான் கேட்கிற நிலையில் இல்லை.

இந்திராணி பிரஷ்ஷை வாளிக்குள் போட்டார்.

"ஆளும் உப்பிடித்தான். தலைக்கு மை, சேட்டுக்கு இஸ்திரி, வாசத்துக்கு சென்ட். உள்ளுக்க ஈரல் முழுக்கப் புற்று பரவியிட்டுது."

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் ஜூன்."

ஜூன். நாங்கள் ஆகஸ்ட்டில் போனோம். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு வாய்வு என்றான். நான் இஞ்சி இடித்துக் கொடுத்தேன். குடித்தான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

இந்திராணி பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் ரத்தினத்தின் கார் வந்து நின்றது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

மனசில் கிடப்பதை எழுது என்று அபிதா சொன்னாள். எழுதுகிறேன். எனக்கு நாயகத்தின் மேல் கோபம். நவம்பரில் இருந்தே கோபம். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமைதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் சறோ சொல்லி. போனபோது அவன் கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவனுக்கே கடைசியில்தான் தெரிந்திருக்கும் என்று. அப்படி நினைத்தால் தாங்கிக்கொள்ளக் கூடியதாக இருந்தது. ஜூனிலேயே தெரிந்திருக்கிறது. ஒரு குளிர்ச்சட்டையைச் சேர்ந்து போட்டவர்கள் நாங்கள். எனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

பின் வலதைக் கழற்றினேன். சில்லைப் பிடித்திருக்கிற மரைகள் இறுகிக் கிடந்தன. உட்பக்கத்தில், நாங்கள் யாரும் பார்க்காத பக்கத்தில், ரப்பர் வீங்கி ஒரு புடைப்பு. நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் தாங்கியிருக்காது.

ஜூலை 15, திங்கள்

டொமினிக்கிடம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். மூன்றுக்கும் பொருத்தமான நாலாவது தந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் பொறுக்க முடியவில்லை.

பழைய டயரை அங்கேயே விட்டேன்.

ஜூலை 27, சனி

போகாமல் விடலாமா என்று சறோவிடம் கேட்டேன். "நாலு டயரும் புதுசு. ஆக்கள் எல்லாரும் வருகினம். இனி உங்களுக்கு என்ன சாட்டு?" என்றாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

யோகன் மொன்றியலில் இருந்து விடியவே வந்துவிட்டான். சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற நேரம் ஒரு பிரச்சினை. நான்கும் ஒரே டயர், ஒரே நிறம், ஒரே எழுத்து. ரத்தினம் பழத்தோடு நின்றுகொண்டு, "என்ர எது?" என்று கேட்டான்.

"முன் வலது. இடம் மாறேல்லையே."

"டயர் என்ரயோ எண்டு கேக்கிறன். நாலையும் நீதானே வாங்கினனி."

"நாலும் நாலு பேருக்கும்" என்றார் இந்திராணி. சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி குனிந்து, பின் வலதுக்கு முன்னால் பழத்தை வைத்தார். நான் வண்டியை எடுத்தேன். துளசி பின்னால் வந்தாள். கண்ணாடியில் அவள் காரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

முதல் நிறுத்தத்தில் இறங்கி மரைகளை இறுக்கிப் பார்த்தேன், டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் சுடவில்லை. வண்டி ஆடவும் இல்லை. ரத்தினத்துக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அப்போ இவ்வளவு வருஷமும் தன்னால்தானோ என்று வழிநெடுகக் கேட்டான். ஆம் என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

சறோவும் இந்திராணியும் கூழ் காய்ச்சினார்கள். ருசி சரிதான். யாரும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. யோகன் மூன்று கோப்பை குடித்துவிட்டு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். காரமாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் இந்திராணி தண்ணீர்க் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பேரன். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கேட்காமல் திரும்பிப் போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன்.

"நாயகம் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தார்.

"நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். ஜூலையில தொலைபேசியைக் கையில எடுத்திட்டன். இவர் பறிச்சு வச்சிட்டார். 'எல்லாரும் என்னோட மெல்லமாக் கதைக்கத் தொடங்கியிட்டியள். பிள்ளையள் மெல்லமாக் கதைக்குதுகள், டொக்டர் மெல்லமாக் கதைக்கிறான், நீயும் மெல்லமாக் கதைக்கிறாய். பரா ஒருத்தன்தான் என்னை ஏசுறான். அவனையும் கெடுத்துப்போடாதை' எண்டவர்."

பேரன் என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான்.

இப்போது எழுதுகிறேன், போன வருஷத்துத் திங்கட்கிழமையை.

எல்லாரும் கூடாரம் மடித்து, சாமான் ஏற்றி, புறப்பட்டாகிவிட்டது. வண்டியைக் கொழுவுகிற நேரம் நாயகம், "இன்னொரு நாள் நிப்பம் மச்சான். நீயும் நானும்" என்றான். உனக்கு விசரா என்று கேட்டேன். நாளைக்கு வேலை இருக்கிறவன், வண்டி இழுக்கிறவன், இடத்துக்கு அனுமதி எடுக்க வேண்டியவன் எல்லாம் நான்தான் என்று நன்றாக ஏசினேன். ஏசிவிட்டு நின்றேன். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அன்று நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அவன் கதிரையில் கிடந்தான். தண்ணீர் அள்ளி வா என்று அனுப்பினேன். அரை வாளியோடு வந்தான், ஏசினேன். சோளத்தைத் தீயில் கருக்கினான், ஏசினேன். சாப்பிடாமல் வைத்தான், அதற்கும் ஏசினேன். பின்னேரம் கழுத்தளவு தண்ணீரில் நின்று எனக்குப் பிடிக்காத பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். குளிரும், கரைக்கு வா சோம்பேறி என்று கரையில் நின்று கத்தினேன். அவன் வரவில்லை. நான் கத்துவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டான். இருட்டும்வரை நான் கத்தினேன்.

நோயாளியை ஒரு நாள் முழுக்க ஏசியிருக்கிறேன் என்று நேற்றுவரை எனக்கு அந்த நாளை நினைக்கவே முடியாமல் இருந்தது. அதற்காகத்தான் அவன் அந்த நாளைக் கேட்டிருக்கிறான். நான் குறை வைக்கவில்லை.